நெத்திக் காசு

அந்தப் பையக் கீழ வெக்காதீங்க தம்பி. கண்டக்டரு மொதல்ல மேல கம்பியில வெக்கச் சொல்லுவான், அப்பறம் காலடியில தள்ளுன்னு சொல்லுவான். கேக்காதீங்க. மடியிலயே இருக்கட்டும். மண் கலயம், வாயில செவப்புத் துணி கட்டியிருக்குது, கையில பவானி டிக்கெட்டு. என்னன்னு கேக்கோணுமா? கேக்க மாட்டனுங்க. நீங்க சன்னலோரமே இருங்க. நான் இப்படி ஓரமா உக்காந்துக்கறேன். எனக்குக் கால நீட்டோணும், முட்டி வலி.

நானும் பவானிதானுங்க. பஸ்ஸு வந்தப்ப போர்டுல பவானி பவானின்னு ரெண்டு தடவ எழுதுன மாதிரி தெரிஞ்சுது. காந்திபுரத்து வெயிலு அப்படி.

பேசிட்டே போனா வழி தெரியாது. உங்களுக்குப் பேசப் புடிக்கலீன்னா வேண்டாம், நான் பேசறேன், நீங்க கேட்டுட்டு வாங்க. என்ற வீட்ல இப்ப கேக்கறதுக்கு ஆளில்ல. சம்சாரம் சரசாத்தா மக வீட்டோட போயிட்டா. "நீங்க அந்தக் காசு கூடவே குடும்பம் பண்ணுங்க"ன்னு சொல்லிட்டுப் போனா. பையன் பட்டறையப் பூட்டி சாவிய அவனே வெச்சுக்கிட்டான். பவர் பிரஸ் பட்டறைங்க, போல்ட்டுக்குப் போடற வாசர் அடிக்கறது. தகட்ட வெச்சு மிதிச்சா மேல இருந்து டை, அதான் அச்சு, எறங்கும், டக்குன்னு ஒரு வாசர் விழுகும். முப்பது வருசம் அந்தச் சத்தத்துலயே இருந்துபோட்டேன். இப்பவும் காதுக்குள்ள அடிச்சுட்டேதான் இருக்குது.

இதப் பாருங்க. கையில குடுக்க மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. பாத்தாப் போதும். ஒத்த ரூபா. வருசம் போட்டிருக்குதில்ல, அந்த எண்ண மட்டும் பாருங்க. ஒண்ணு மேல ஒண்ணு ஏறுன மாதிரி ரெண்டாத் தெரியுதா? இந்தாங்க லென்ஸு. கண்ணுக்கு ஒட்ட வெச்சுக்கங்க. ஆங், அப்படித்தான்.

இதுல ரெண்டு சாதி இருக்குதுங்க. நீங்க ஆபீஸுல வேல பாக்கறவராட்டத் தெரியுது, ரப்பர் ஸ்டாம்பு குத்தியிருப்பீங்க. அந்த ரப்பர்லயே பேரு ரெண்டு தடவ செதுக்கிக் கெடக்குதுன்னு வெச்சுக்கங்க. எத்தன குத்துனாலும், யாரு குத்துனாலும், ரெண்டு பேருதான் விழுகும். இது ஒண்ணு. ரப்பரு நல்லாத்தான் இருக்குது, குத்தறவன் கை ஆடிப்போச்சு. அப்ப அந்த ஒரு காயிதத்துல மட்டும் கலங்கலா ரெண்டு தெரியும். இது இன்னொண்ணு. காசுலயும் அப்படித்தான். டையிலயே ரெண்டா எறங்கியிருந்தா அதுதான் நெசம், அதத் தேடித்தான் ஊரு ஊரா அலையறாங்க. டை லூசா இருந்து அடிக்கறப்ப ஆடுனதுன்னா அது குப்பை. மூட்ட மூட்டயாக் கெடக்கும், ஒருத்தன் சீந்த மாட்டான்.

கண்டுபுடிக்கறது ஒண்ணும் பெரிய வித்தையில்லீங்க. டையிலயே ரெண்டுன்னா எழுத்து குண்டாகும். ரெண்டு எழுத்தும் முழுசா, உருண்டையா எந்திரிச்சு நிக்கும், முனையில ஒரு பிளவு விட்டிருக்கும். ஆட்டத்துல வந்ததுன்னா எழுத்து எளைச்சுப் போயிரும். பக்கத்துல சப்பையா, பளபளன்னு, படிக்கட்டு வெச்ச மாதிரி வழிச்சு விட்டிருக்கும். இவ்வளவுதான். கொழந்தைக்குச் சொன்னாக் கூடப் புரியும்.

இப்ப நம்முளத ஒருக்கா நல்லாப் பாருங்க. ஒன்பது எப்படி ஒல்லியா, சிக்குன்னு நிக்குது பாத்தீங்களா? பக்கத்துல எத்தன பளபளப்பா அந்த ரெண்டாவது கோடு. நகத்துல தடவுனா படியாட்டம் தட்டும். இத்தன சுத்தமா ரெண்டா எறங்குன டைய நான் பாத்ததே இல்லீங்க.

என்னங்க, லென்ஸக் குடுத்துட்டீங்க. பாத்தாச்சா? சரி, தூக்கமில்லாத கண்ணு. கருமத்தம்பட்டி வருது. டீ குடிக்க எறங்க மாட்டீங்க, கலயத்தோட எப்படி எறங்கறது. இருங்க.

இதக் குப்பைன்னு ஒருத்தன் சொன்னானுங்க. வேத்து ஆளு சொல்லியிருந்தா போடா மயிராண்டின்னு வந்திருப்பேன். என்ற கூட்டாளி சொன்னான். இருபது வயசுல இருந்து ஒரே தட்டுல தின்னவன். கடிகாரக் கடை வெச்சிருந்தான், ரிப்பேரு பாக்கறவன், எந்நேரமும் ஒத்தக் கண்ணுல லென்ஸு. காசு பொறுக்கற பைத்தியத்த எனக்குப் புடிக்க வெச்சதே அவந்தான். எங்களுக்கு ஒரு சங்கம் இருக்குது, மாசம் ஒரு ஞாயித்துக்கெழம கூடுவோம், அங்க அவன் சொன்னா மறுபேச்சு கெடையாது.

என்னங்க, கலயத்த அப்படி இறுக்கிப் புடிக்கறீங்க? கடிகாரக் கடைன்னதும் திரும்பிப் பாக்கறீங்க. கோயமுத்தூர்ல எத்தனையோ கடிகாரக் கடை.

சங்கத்துல எல்லாரும் இருக்கறப்ப இத அவங்கிட்ட நீட்டுனேன். வாங்குனான், கண்ணுல வெச்சான், திருப்பிக் குடுத்துட்டான். எச்சி முழுங்கற நேரங்கூட இல்ல. "சென்னி, இது ஆட்டம்"ன்னான். சென்னியப்பன்னு என்ற பேரு, சென்னின்னுதான் கூப்பிடுவான். நான் சொன்னேன், "டே, முப்பது வருசம் பிரஸ் ஓட்டறவன் நானு. டை ஆடுனா எப்படி அடிக்கும்னு எனக்கா சொல்லித் தர்றே?" அவன் சிரிச்சான். "டையில இருந்தா அது ஒத்தையாப் பொறக்காது சென்னி. அந்த டை அடிச்ச அத்தன காசுலயும் இதே ரெண்டு, இதே எடத்துல, இதே சாய்வுல இருந்தாகோணும். ஒரே ஒரு கூடப்பொறப்பக் கொண்டா. இதே சபையில உன்ற கால்ல விழுகறேன்"ன்னான்.

அதோட விட்டிருந்தா நானும் விட்டிருப்பேன். படி எறங்கறப்ப தோள்ல கை போட்டு மெதுவாச் சொன்னானுங்க, "மயிலாத்தாளுக்கு வெரல் போனப்பவும் நீ இதையேதான் சொன்னே. ஆட்டத்த ஒத்துக்க உனக்கு வரவே வராது."

மயிலாத்தான்னு ஒரு பொம்பள எங்கிட்ட பிரஸ் ஓட்டிட்டிருந்தா. ரெண்டு நாளா டை ஆடுதுங்க, டை ஆடுதுங்கன்னு சொல்லிட்டே இருந்தா. நானே கைய வெச்சுப் பாத்தேன், கல்லாட்டம் இருந்துச்சு. மூணாம் நாளு வெரல் போச்சு. கவனம் இல்லாம வேல செஞ்சா போகத்தான் செய்யும். ஆசுபத்திரிக்கு நாந்தான் தூக்கிட்டுப் போனேன், செலவும் நாந்தான் பாத்தேன். அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? நீங்களே சொல்லுங்க. அதையும் இதையும் ஒண்ணாக் கோத்து ஒரு மனுசன் மேல போடலாமுங்களா?

அன்னைக்குப் புடிச்சதுங்க. கூடப்பொறப்பக் கொண்டாந்து அவன் மூஞ்சிக்கு நேரா வெச்சுட்டுத்தான் மறுவேலைன்னு. மளிகைக் கடை கல்லா, கோயில் உண்டியல், பேங்க்குல சில்லறைப் பை, ஒண்ணு விடல. பட்டறையில ஆர்டரு நின்னுது, நிக்கட்டும்னு விட்டேன்.

கெடச்ச எடந்தான் அதிசயம். எங்க தெருவுல ஒரு பெரியவரு தவறிட்டாரு. மால போடக் குனியறேன், நெத்தியில ஒத்த ரூபா ஒட்டியிருக்குது. நாமதான் பொணத்துக்கு நெத்தியில காசு வெப்பமே. அதுல வருசம் ரெண்டாத் தெரியுதுங்க. என்ற காசாட்டமே. இன்னும் குனிஞ்சேன். லென்ஸ எடுக்கறதுக்குள்ள பின்னால இருந்து தள்ளிட்டாங்க, பாடையத் தூக்கிட்டாங்க. சுடுகாட்டுக்கு ஓடுனேன். காச எடுத்த வெட்டியான் அவன் பையில போட்டுட்டான், பையப் பூராக் கொட்டிப் பாத்தேன், எல்லாம் சாதாக் காசு. அதுக்குள்ள எங்கயோ கை மாறிப்போச்சு.

அப்பறம்தான் ரோசன வந்துச்சு. நெத்திக்கு வெக்கறப்ப யாரும் தேஞ்ச காச வெக்க மாட்டாங்க. பாத்து, பளிச்சுன்னு இருக்கறதா எடுப்பாங்க. நல்ல காசெல்லாம் அங்கதான் போகுது. அன்னையில இருந்து எழவு ஒண்ணு விடறதில்ல. கல்யாணத்துக்குக் கூப்பிட்டாத்தான் போகோணும், எழவுக்குக் கூப்பிடாமப் போகோணும்னு பெரியவங்க சொல்லியிருக்காங்கல்ல. யாருன்னு கேக்க மாட்டாங்க. நாற்காலி போடுவாங்க, காப்பி குடுப்பாங்க. நெறைய நெத்தியில பாத்தனுங்க, தூரத்துல பாத்தா ரெண்டாத்தான் தெரியும். கிட்டப் போயி லென்ஸ வெச்சா ஒண்ணாப் போயிருது. லென்ஸு வெக்க விட்டாத்தான அதும். பாதி எடத்துல சட்டையப் புடிச்சுட்டாங்க.

நேரங்கெட்டுப் போனா பொணம் போயிருது, காசும் போயிருது. அதனால முன்கூட்டியே போக ஆரம்பிச்சேன். இழுத்துட்டுக் கெடக்கறாங்கன்னு காதுல விழுந்தா போயி எட்டிப் பாப்பேன். ஒரு ஆறுதல்தானுங்க. பக்கத்துல உக்காந்து நாலு வார்த்த பேசறது, வீட்டுக்காரங்ககிட்ட நைசா, என்ன காசு எடுத்து வெச்சிருக்கீங்கன்னு கேக்கறது. ஒண்டிப்புதூர்ல ஒரு கெழவரு, என்னக் கண்டதும் தேம்பித் தேம்பி அழுதாரு. எதுக்கு அழுகறாருன்னே எனக்குப் புரியலீங்க. நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுப் போயிருந்தேன். அடுத்த நாளு தவறிட்டாரு. ஊருக்குள்ள என்னென்னமோ பேச ஆரம்பிச்சுட்டாங்க. நான் தெருவுல வந்தா கதவச் சாத்தறாங்க. ஆம்புலன்ஸுக்கு முன்னால சென்னியப்பன் வந்துருவான்னு ஒரு சொல்லு. நல்லது செய்யப் போனாலும் கெட்ட பேருதான், கலிகாலம்.

அவிநாசி தாண்டியாச்சு. உங்களுக்கு வேர்க்குதே, சன்னலத் தெறக்கட்டுமா? காத்து வேண்டாமா. சரி.

அப்பறம் அவன் படுத்துட்டானுங்க, என்ற கூட்டாளி. வயித்துல கட்டி. கேட்டதும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. இவன் போயிட்டா யாரு சொல்லுவா? சங்கத்துல மத்தவனெல்லாம் அவன் வாயப் பாத்துத் தலையாட்டறவனுக. ஆட்டம்னு சொன்னவன் வாயாலயே இல்லடான்னு வரோணும். வராமப் போயிட்டான்னா இது என்னைக்கும் குப்பைதான், நானும் குப்பைதான். தெனமும் போனேன். லென்ஸ அவன் கண்ணுல நானே வெச்சு, காச நானே புடிச்சுக் காட்டுவேன். "இன்னொருக்காப் பாரு, நல்லாப் பாரு"ம்பேன். கண்ண மூடிக்குவான். வலி அதிகமாகி முனகறப்பக் கூட, வாய்க்குப் பக்கத்துல காத வெச்சுட்டு உக்காந்திருப்பேன், ஏதாச்சும் சொல்லிருவானோன்னு.

ஒரு நாள் சொன்னானுங்க. "சென்னி, கடிகாரம் ஓடலீன்னா கடிகாரத்தத் தெறந்து பாக்கோணும். நீ செவுத்தப் பேத்துட்டிருக்கறே. போயி ஒரு கண்ணு டாக்டரப் பாரு"ன்னான். அவன் பேச்சத் தட்டுனதில்லன்னு போனேன். ரெண்டு கண்ணுலயும் பொறை வந்திருக்குது, அதான் தூரத்துல எல்லாம் ரெண்டாத் தெரியுது, ஆபரேசன் பண்ணிக்கங்கன்னாங்க. காசு பாக்கற கண்ணுங்க இது. இதுல கத்திய வெக்க விடுவனா?

திரும்பி வந்தா அவன் பொண்டாட்டி வாசல்ல நிக்குது. நான் கையில தூக்கி வளக்காத கொறைதான், தங்கச்சியாட்டம் அது. "அண்ணா, கையெடுத்துக் கும்பிடறேன். அவரு சாகற வரைக்கும் இந்தப் படி மிதிக்காதீங்க"ன்னு சொல்லிப்போட்டுது. ரோட்டுலயே நின்னேன். எதுத்தாப்ல டீக்கடையில உக்காந்து அவன் சன்னலப் பாத்துட்டே இருந்தேன். அழுகை வந்துச்சுங்க. பொய் சொல்லல. அவன் எனக்கு அப்படி.

போன வாரம் போயிட்டான்.

எங்க எந்திரிக்கறீங்க? பின்னால சீட்டு இல்லீங்க, ஏறறப்பவே பாத்துட்டேன். உக்காருங்க. இந்த பஸ்ஸு பெருந்துறை வரைக்கும் எங்கயும் நிக்காது.

போனேன். போகாம இருக்க முடியுமா? அவனோட மூத்த பையன் வெளிக்கேட்டுகிட்டயே நெஞ்சுல கைய வெச்சு மறிச்சுட்டான். "மாமா, இங்கிருந்தே கும்பிட்டுக்கங்க"ன்னான். வாசல்ல பந்தல், உள்ள ஐஸ் பெட்டி, சுத்தியும் பொம்பளைங்க. அந்த எட்டத்துல இருந்து பாக்கறேன். நெத்தியில வட்டமா மின்னுது. ரெண்டா மின்னுது தம்பி. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, அதே சாய்வுல. ஒரு நொடி எனக்கு ஒலகமே நின்னுபோச்சு. அட பாவி, கூடப்பொறப்பு உங்கிட்டயேவாடா இருந்துச்சுன்னு கத்திட்டேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. நாலு பேரு சேந்து என்னய ரோட்டுக்குக் கொண்டாந்து விட்டாங்க.

அவங்கிட்டத்தான் இருந்துச்சுங்க. எப்பக் கெடச்சுதோ. எடுத்துக் காட்டுனா எங்கால்ல விழுகோணும். அதுக்காகப் பதுக்கி வெச்சு, தீயோட போகட்டும்னு நெத்தியில வெச்சுட்டுப் போயிட்டான். ஆனா அவனுக்குக் கடிகாரந்தான் தெரியும், உலோகம் தெரியாது. கேஸ் சுடுகாட்டுச் சூட்டுக்கு ஒத்த ரூபா உருகாதுங்க. கறுக்கும், அவ்வளவுதான். அங்க வேல பாக்கறவங்ககிட்டக் கேட்டேன். காசு எதும் நாங்க எடுக்கலீங்க, எலும்பு சாம்பலெல்லாம் வாரிக் கலயத்துல போட்டுக் குடுத்துட்டோம்னாங்க. பாதி நொய்யல்ல விட்டாங்க. அங்க நான் தண்ணிக்குள்ளயே நின்னேன், ஒண்ணும் சிக்கல. மீதிப் பாதிய எளைய பையன் பவானிக்குக் கொண்டு போறான்னு டீக்கடையில சொன்னாங்க. பூனாவுல வேல பாக்கறவரு, சின்னதுலயே ஆஸ்டல்ல போட்டு வளத்த பையன், என்னயக் கிட்டத்துல பாத்ததில்ல.

உங்க தாடை அப்படியே அவன் தாடைங்க. ஏறறப்பவே பாத்தேன். உங்கப்பன் நாச்சிமுத்து இருபது வயசுல இப்படித்தான் இருப்பான்.

பயப்படாதீங்க. நான் என்ன பண்ணிருவேன், வயசான ஆளு. தெரியாம வந்து உக்காந்தேன்னு பொய் சொல்ல விரும்பல. அவ்வளவுதான். உங்க வீட்டு வாசல்ல இருந்தே பின்னால வர்றேன்.

என்ன சொன்னீங்க? சத்தமாச் சொல்லுங்க, பிரஸ் ஓட்டுன காது.

...

காசே வெக்கலியா?

மெதுவா, மெதுவா. அழுகாமச் சொல்லுங்க. வெக்கக் கூடாதுன்னு அவனே சொன்னானா? என்னன்னு சொன்னான்? "சென்னியப்பன் வந்து லென்ஸ வெச்சுப் பாப்பான்டா, செத்த பொறகாச்சும் என்னய நிம்மதியாப் படுக்க விடுங்கடா"ன்னானா? ஹ. அவன் குசும்பு அவன விட்டுப் போகுமா. அப்பறம் நெத்தியில மின்னுனது? சந்தனப் பொட்டுங்கறீங்க. வெறும் சந்தனப் பொட்டு, உங்க அம்மா வெச்சது, நீங்க பக்கத்துல இருந்தீங்க.

மாமான்னு கூப்பிட்டீங்களே, அது எனக்குச் சந்தோசமுங்க. உங்க அண்ணங்காரன் கூப்பிட்டதுல அந்த ஈரம் இல்ல.

ஆனா யோசிச்சுப் பாருங்க தம்பி. சந்தனப் பொட்டு எங்கயாச்சும் ரெண்டாத் தெரியுமா? உங்களுக்கு அழுத கண்ணு. நீங்க என்னத்தப் பாத்திருப்பீங்க. நான் கண்ணால பாத்தேன். நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்லல. உங்களுக்கும் தெரியாம வெச்சுட்டான். எங்கிட்டயே மறைச்சவன், பெத்த புள்ளைங்ககிட்ட மறைக்க மாட்டானா?

சித்தோடு போயிருச்சு. லட்சுமி நகர் தாண்டுனா சாம்பல் கரைக்கற கூடுதுறைதான்.

இதப் பாருங்க, பையில என்ன வெச்சிருக்கேன்னு. சல்லடை. எங்க சரசாத்தா மாவு சலிக்கறது, நைஸு சல்லடை, விட்டுட்டுப் போயிட்டா. பட்டறையில இருந்து கம்பி வலை எடுத்தாந்திருப்பேன், சாவி பையங்கிட்ட இருக்குதே. நீங்க அய்யரு சொல்றதெல்லாம் மொறையாச் செய்யுங்க. நான் குறுக்க ஒரு வார்த்த பேச மாட்டேன். முழங்காத் தண்ணியில உங்களுக்குக் கீழாப்ல நின்னுக்கறேன். நீங்க விடவிட நான் ஏந்திக்கறேன். சாம்பல் எனக்கு எதுக்குங்க, அது பூரா ஆத்துக்குத்தான். எலும்பக் கூட நானே ஒண்ணு ஒண்ணாப் பாத்துத் தண்ணியில விட்டுருவேன், மரியாதையா. அவன் எனக்கு அப்படி.

காசு இல்லீன்னா? இருக்கும். நான் பாத்தேன். அப்படியும் சிக்கலீன்னா உங்க வீட்லதான் எங்கயோ இருக்கோணும். அம்மாகிட்டக் கேக்கோணும். அவங்களுக்கும் இப்ப ஒடம்பு சொகமில்லன்னு கேள்விப்பட்டேன். திரும்பறப்ப உங்களோடயே வந்து ஒருக்காப் பாத்துட்டுப் போறேன்.

எறங்கோணும், எந்திரிங்க. கலயத்த இப்படிக் குடுங்க. படி உசரம் பாருங்க. படி எறங்கற வரைக்கும் நான் புடிச்சுக்கறேன்.